பண்ணைக் குட்டைக்கு எந்த வலை, எந்தத் தூண்டில்? - கைக்கு அடங்கிய செலவில் வாங்கும் முறை

பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்கும் சிறு விவசாயிகள் குஞ்சுக்கும் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். வளர்ந்த மீனை எதைக் கொண்டு பிடிப்பது என்பதை மட்டும் கடைசி வரையில் நினைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் வியாபாரியைத் தேடி ஓடுகிறார்கள். அவர் தம் வலையோடும் ஆட்களோடும் வருகிறார். கரையில் நின்று பார்த்துக் கண்மதிப்பாக ஒரு தொகை சொல்கிறார். வலை அவருடையது, ஆகையால் நாளும் விலையும் அவர் சொல்வதே. நீர் வற்றிக்கொண்டிருக்கும் நிலையில் "வேண்டாம்" என்று சொல்லும் வசதி விவசாயிக்கு இல்லை.

குட்டைக்காரரிடம் சொந்தமாக ஒரு சிறு வலை இருந்தால் நிலைமை மாறிவிடும். ஆறாவது, ஏழாவது மாதத்திலிருந்தே வாரம் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பிடித்து உள்ளூரிலேயே எடை போட்டு விற்கலாம். பெரிய மீன்களை இவ்வாறு அவ்வப்போது எடுத்துவிடுவதால், எஞ்சிய மீன்களுக்கு இடமும் தீவனமும் காற்றும் கூடுதலாகக் கிடைத்து அவை வேகமாக வளரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. முதல் வருடமே ஆசைப்பட்டுப் பெரிய இழுவலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவது. அதை இழுக்க நான்கு முதல் ஆறு பேர் வேண்டும். ஆண்டில் இரண்டு நாளைக்குத்தான் வேலை. மற்ற நாட்களில் பரண் மீது எலிக்கு இரையாகும். கையில் உள்ள பணம் குறைவு என்றால், முதலில் ஒரு வீச்சு வலை, அதனுடன் நான்கைந்து தூண்டில், வலை பழுது பார்க்க ஓர் ஊசியும் நூலும் வாங்கினால் போதுமானது. இழுவலையைத் தனியாக வாங்கவே கூடாது. அதைப் பற்றிப் பின்னால் காண்போம்.

வீச்சு வலை

வீச்சு வலையை ஒருவரே வீசி ஒருவரே இழுக்கலாம் என்பதே அதன் முதல் சிறப்பு. பழக்கம் இல்லாதவர்கள் 6 முதல் 8 அடி உயரமுள்ள வலையாக வாங்க வேண்டும். 12 அடி வலை அதிக மீன் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் புதியவர் கையில் அது விரியாமல் மூட்டையாகத் தண்ணீரில் விழும். விரியாத பெரிய வலையை விட நன்றாக விரிந்த சிறிய வலையில் கூடுதல் மீன் அகப்படும். நெல் அடிக்கும் களத்திலோ புல் தரையிலோ நான்கு நாள் வீசிப் பழகிய பிறகு குட்டைக்குப் போகலாம். கல்லும் முள்ளும் உள்ள இடத்தில் பழகினால் வலை வீணாகும்.

வாங்கும்போது கடைக்காரர் கட்டிக் கொடுப்பதை அப்படியே தூக்கி வரக் கூடாது. உச்சியில் உள்ள கைக்கயிற்றை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். அடி விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு தரையில் விரித்துப் பார்க்க வேண்டும். நல்ல வலை வட்டமாகத் தட்டையாகப் படுக்கும். நடுவில் குடை போல் எழும்பி நின்றாலோ, ஓரங்கள் இழுத்துச் சதுரம் போல் தெரிந்தாலோ துண்டுகளைச் சரியாக வெட்டிச் சேர்க்கவில்லை என்று பொருள். எவ்வளவு திறமையாக வீசினாலும் அந்த வலை முழுவதும் விரியாது. கையால் மேலிருந்து கண்களைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பின்னிய வலை நன்றாக விரியும்; விலை சற்றுக் கூடும். வலை பின்னத் தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருந்தால் நூல் வாங்கிக் கொடுத்துப் பின்னிக் கொள்வது கடையில் வாங்குவதைவிடச் சிறந்தது. பின்னியவரே கிழிசலையும் சரி செய்து தருவார்.

கண் அளவில் ஏமாற வேண்டாம்

வலைக் கடையில் அதிகமாகக் குழப்பம் உண்டாவது கண் அளவில்தான். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளப்பது ஒரு வழக்கம். கண்ணை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து அளப்பது மற்றொரு வழக்கம். முதல் கணக்கில் 20 மில்லிமீட்டர் என்பது இரண்டாவது கணக்கில் 40 மில்லிமீட்டர். இரண்டையும் "20", "40" என்று வெறும் எண்ணாகவே சொல்லுவார்கள். "இழுத்துப் பிடித்த அளவா, முடிச்சுக்கு முடிச்சா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டாலும் தாமே அளப்பது நல்லது. வரிசையாகப் பத்துக் கண்களை நன்றாக இழுத்துப் பிடித்து அளந்து, வந்த அளவைப் பத்தால் வகுத்தால் சரியான அளவு கிடைத்துவிடும்.

விற்பனை அளவுள்ள கெண்டைகளையும் கால் கிலோவுக்கு மேற்பட்ட ஜிலேபிக் கெண்டையையும் பிடிக்க, இழுத்துப் பிடித்த அளவில் 35 முதல் 40 மில்லிமீட்டர் கண் உள்ள வீச்சு வலை ஏற்றது. இதைவிடச் சிறிய கண் என்றால் வலை மெதுவாக மூழ்கும்; மீன் தப்பும்; அத்துடன் வளரும் குஞ்சுகளும் மாட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கொசுவலைத் துணியைக் கொண்டு மீன் பிடிப்பது அடுத்த ஆண்டு மீனை இந்த ஆண்டே அழிப்பதாகும். கொசுவலைத் துணியைக் குஞ்சுகளை இரண்டு நாள் வைத்துப் பழக்கும் தொட்டில் கட்ட மட்டும் பயன்படுத்தலாம்.

நூலைப் பார்த்து வாங்குதல்

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை இழை வலைகள். முன்பு பருத்தி வலைகளுக்குப் பட்டைச் சாறு ஏற்றி, ஒவ்வொரு முறையும் உலர்த்தி எடுக்காவிட்டால் மக்கிவிடும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை, தண்ணீரில் மக்காது. ஆனால் கடுமையான வெயில் அதன் வலுவைக் குறைக்கும்.

முறுக்கு நூல் வலை, ஒற்றை இழையான தங்கூசி வலை என இரண்டு வகை உண்டு. தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, விரைவாக மூழ்கும், சேறு ஒட்டாது. ஆனால் முள்ளில் மாட்டினால் எளிதில் அறுகிறது. பழுது பார்க்கும்போது முடிச்சு வழுக்குகிறது. மரத்தடியும் கருவேலமுள்ளும் உள்ள குட்டைகளுக்கு முறுக்கு நூல் வலையே பொருத்தம்.

வலைத்துணிச் சீட்டில் 210/2/3 என்பது போல் எழுதியிருக்கும். இதில் 210 என்பது இழையின் மென்மையைக் குறிப்பது. அந்த இழை 9,000 மீட்டர் நீளத்துக்கு 210 கிராம் எடையுள்ளது. அடுத்த இரண்டு எண்களையும் பெருக்கினால் நூலில் எத்தனை இழைகள் முறுக்கப்பட்டுள்ளன என்பது தெரியும். 210/2/3 என்றால் ஆறு இழை. 210/3/3 என்றால் ஒன்பது இழை. வலைத்துணி கிலோக் கணக்கில் விற்கப்படுவதால் இது பணத்தைப் பற்றிய விஷயம். அதே கண் அளவில், அதே பரப்புக்கு, ஒன்பது இழை வலைத்துணி ஆறு இழையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை பிடிக்கும். விலையும் ஒன்றரை மடங்காகும். "தடித்த நூல், நீடித்து உழைக்கும்" என்று கடலுக்கு ஏற்ற வலையைக் குட்டைக்காரரிடம் தள்ளிவிடுவது உண்டு. அலையும் பாறையும் இல்லாத குட்டைக்கு அது வேண்டியதில்லை. இழுப்பதற்கும் பாரம்.

நைலான் என்று சொல்லி மலிவான பாலித்தீன் நூலைக் கொடுத்தால் கண்டுபிடிப்பது எளிது. ஒரு விரற்கடை நூலை வெட்டி, காற்றுக் குமிழ் இல்லாதபடி தண்ணீரில் நன்றாக நனைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். நைலான் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும். வீச்சு வலைக்கு மூழ்கும் நூலே தேவை. இழுவலையின் மேல்கயிற்றுக்கு மட்டும் மிதக்கும் பாலித்தீன் கயிறு நல்லது.

ஈயத்தில் சிக்கனம் கூடாது

செலவைக் குறைக்க வேண்டும் என்று எல்லாவற்றிலும் குறைத்துவிடக் கூடாது. வீச்சு வலையில் பணத்தைக் குறைக்கக் கூடாத இடம் அடிவிளிம்பு ஈயம். ஈயம் போதாவிட்டால், வலை தரையைத் தொடுவதற்கு முன் மீன் அடியால் புகுந்து ஓடிவிடும். 8 அடி உயர வலை முழுவதும் விரிந்தால் அடிச் சுற்றளவு சுமார் 50 அடி இருக்கும். அதற்கு 3 கிலோ ஈயம் தேவை; அதாவது அடி ஒன்றுக்கு 60 கிராம். குண்டுகள் ஒரே எடையில், ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று விளிம்பு முழுவதையும் கை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். எடை குறைவான வலையை மலிவாக வாங்கி வீட்டில் ஈயம் சேர்த்துக் கொள்ளலாம்; அப்போது ஈயத்துக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஈயத் துண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. ஈயம் நஞ்சு, உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து கெடுதி செய்யும். குறடு கொண்டே இறுக்க வேண்டும். சமையல் பாத்திரத்தில் ஈயம் உருக்குவதும், குழந்தைகள் கையில் ஈயக் குண்டுகளை விளையாடக் கொடுப்பதும் கூடவே கூடாது.

பாலித்தீன் தாள் விரித்த குட்டை வைத்திருப்பவர்கள் இரும்புத் துண்டுகளோ கூர்முனை உள்ள குண்டுகளோ கட்டிய வலையைப் பயன்படுத்தக் கூடாது. தாளில் ஒரு துளை விழுந்தால் வலையில் மிச்சப்படுத்திய பணத்தைப் போல் பல மடங்கு தாளுக்குப் போய்விடும். இக்குட்டைகளில் தூண்டிலையும் தரையைத் தொடாதபடி மிதவை கட்டியே போட வேண்டும்.

புது வலையோடு குட்டையின் எல்லா மூலையிலும் வீசித் திரிவது வீண். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆழமில்லாத மூலையில் தீவனம் இட்டு மீன்களைப் பழக்க வேண்டும். பிடிக்கும் நாளில் அதே நேரத்துக்குச் சிறிது தீவனம் தூவி, மீன் கூடியதும் வீச வேண்டும். இரண்டு வீச்சுக்குப் பிறகு மீன் மிரண்டுவிடும். அன்றைக்கு அதோடு நிறுத்திக் கொள்ளலாம். அடியில் வாழும் மிர்காலும் சேற்றைக் கிளறும் சாதாக் கெண்டையும் வீச்சு வலையில் குறைவாகவே விழும். அவற்றுக்கு இழுவலைதான் வழி.

தூண்டில் விளையாட்டுப் பொருள் அல்ல

மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாகக் குட்டைக்குள் விரால் புகுந்துவிடுகிறது. அது ஊன் உண்ணும் மீன். விலை கொடுத்து வாங்கிவிட்ட கெண்டைக் குஞ்சுகளை நாளுக்கு நாள் தின்று தீர்க்கும். வீச்சு வலைக்கு அகப்படாமல் கோரையின் ஓரத்திலும் சேற்றிலும் பதுங்கும். அதை எடுக்கத் தூண்டிலைவிடச் சிக்கனமான கருவி வேறு இல்லை. பிடித்த விராலுக்கும் நல்ல விலை உண்டு. 1952ஆம் ஆண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையின் கதை வேறு. அது குட்டைக்குள்ளேயே பலமுறை குஞ்சு பொரித்துப் பெருகி, எல்லாம் சிறுத்துப்போய்த் தீவனத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மண்புழு கோத்த தூண்டிலோடு மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதன் எண்ணிக்கை குறையும். வீட்டுக்குக் குழம்பும் ஆகும்.

இதற்கு உருளை வைத்த கடைத் தூண்டில் கம்பு தேவையில்லை. முற்றிய மூங்கிலில் 10 முதல் 12 அடி நீளமுள்ள மெல்லிய கழியை வெட்டி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினால் போதும். வெயிலில் போட்டால் வெடிக்கும். நுனியில் கம்பின் நீளமே உள்ள தங்கூசி நரம்பு. ஜிலேபிக்கு 0.25 மில்லிமீட்டர், விராலுக்கு 0.50 மில்லிமீட்டர் விட்டமுள்ள நரம்பு ஏற்றது. விரால் கோரைக்குள் பாய்ந்து சுற்றிக் கொள்ளும் என்பதால் அதற்குத் தடித்த நரம்பு வேண்டும். கடைவாசலில் வெயில் படும்படி தொங்கவிடப்பட்ட நரம்பை வாங்கக் கூடாது. ஒரு முழம் எடுத்து முடிச்சிட்டு இழுத்துப் பார்த்தால் பழைய சரக்கு சட்டென்று அறுந்து காட்டிவிடும். மிதவைக்கு நெட்டித் துண்டோ உலர்ந்த சோளத்தட்டையோ இருக்கிறது. கடைக்குப் போக வேண்டாம்.

பணம் செலவிட வேண்டியது முள்ளுக்குத்தான். எண் கூடக்கூட முள் சிறியதாகும். 8, 10 எண் முட்கள் ஜிலேபிக்கு ஏற்றவை. ஒன்றுக்கு மேல் பெரியவை 1/0, 2/0, 3/0 என்று போகும். இவற்றில் பின்னது பெரிது. விராலுக்கு 1/0 முதல் 3/0 வரை போதும். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மீது மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கூர்மையான முள் நகத்தில் பிடிக்கும். மொட்டை முள் வழுக்கும். பிறகு முனையை ஒரு பலகையில் செருகி அளவாக இழுக்க வேண்டும். நிமிர்ந்து போனால் பதம் போதாது. ஒடிந்தால் பதம் அதிகம். இரண்டும் ஆகாது. இரண்டு மூன்று முட்களை இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கலாம்.

முள்ளைக் கட்டும்போது நரம்பை முள்ளின் துளை வழியே விட்டு, தன் மீதே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைத் துளைக்கு அருகில் உள்ள வளையத்தில் நுழைத்து, தண்ணீரில் நனைத்த பிறகு மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வேகமாக இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு அந்த இடத்தில் பலவீனமாகிவிடும். பெரும்பாலும் மீன் அறுத்துக்கொண்டு போவது முடிச்சில்தான்.

விராலுக்கு உயிருள்ள சிறு ஜிலேபிக் குஞ்சை முதுகில் கோத்துப் போட்டால் போதும். இந்தியப் பெருந்தவளை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடித்துக் கோக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சிவந்த பார்ப்புக் கூட்டத்தோடு விரால் ஜோடி காவல் நிற்பதைப் பார்த்தால், ஏரி, கால்வாய் போன்ற பொது நீரில் அதைத் தொடக் கூடாது. தாய் தந்தை போனால் பார்ப்புகளும் போய்விடும். சொந்தக் கெண்டைக் குட்டைக்குள் இருந்தால் அந்தத் தயவு வேண்டியதில்லை. பார்ப்புகளோடு சேர்த்து எடுத்துவிடலாம். பொது ஏரியில் தூண்டில் போடுவதானாலும் குத்தகை யாருடையது என்று கேட்டுக்கொண்டே போட வேண்டும்.

ஐந்து பேருக்கு ஓர் இழுவலை

ஆண்டுக்கு ஓரிரு முறை குட்டை முழுவதையும் அரித்தெடுக்க இழுவலை தேவைப்படும். அருகருகே குட்டை உள்ள நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் பக்கத்தில் இருந்தால் நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

வலையின் நீளம் குட்டையின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கும், உயரம் தண்ணீர் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கும் இருக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் பை போல் தொய்ந்து மீனைத் தாங்கும். 30 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டைக்கு 45 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். ஆனால் கடையில் 45 மீட்டர் வலைத்துணி கேட்டால் வலை பற்றாமல் போகும். கண்கள் திறந்து நிற்கும்படி துணியைச் சுருக்கிக் கயிற்றில் கட்ட வேண்டும். 10 மீட்டர் துணியை 6 மீட்டர் கயிற்றில் கட்டும் கணக்கில், 45 மீட்டர் கயிற்றுக்கு 75 மீட்டர் துணி வேண்டும். இந்தச் சுருக்கில், இழுத்து அளந்த உயரத்தில் பத்தில் எட்டுப் பங்குதான் நிற்கும் என்பதால், 3 மீட்டர் உயரத்துக்கு 3.75 மீட்டர் துணி தேவை. 30 மில்லிமீட்டர் கண் என்றால் 125 கண் உயரம் என்று கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதிக் கொண்டு போனால் கடைக்காரர் கூட்டியும் குறைத்தும் சொல்ல முடியாது. ஐந்து குட்டைகளில் அகலமான குட்டைக்குக் கணக்கிட வேண்டும்.

மிதவைக்குப் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோக்கலாம். அடிக்கயிற்றுக்குச் சுட்ட மண் குண்டு போதும். இங்கே ஈயம் தேவையில்லை. ஆக, பணம் துணிக்கும் கயிற்றுக்கும் மட்டுமே. மானியம் உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய வலை வாங்குவது வேண்டாத வேலை.

கூட்டாக வாங்கும்போது சண்டை வருவது இரண்டு இடத்தில்: யார் முதலில் பிடிப்பது, கிழிந்தால் யார் தைப்பது. முதலில் நீர் வற்றும் குட்டைக்காரருக்கு முதல் முறை. யார் குட்டையில் கிழிந்ததோ அவரே தைத்துக் கொடுப்பது என்று வாங்கும் நாளிலேயே எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டு வைத்துக் கொள்ள வேண்டும்.

இழுக்கும் நாளுக்கு முந்திய நாள் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்கும் நாளில் இழுவலை போடக் கூடாது. சேறு கலங்கி, பிடிக்காமல் விட்ட மீனும் செத்துவிடும். மோட்டார் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தண்ணீரில் விட்டு மீன் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கியவர்கள் மீனோடு தாங்களும் மாண்டிருக்கிறார்கள்.

பழைய வலையும் பராமரிப்பும்

கடற்கரை ஊர்களில் கழித்த வலைத்துணி மலிவாகக் கிடைக்கும். நல்லதாகப் பார்த்து எடுத்தால் பாதிச் செலவு மிச்சம். ஐந்தாறு இடங்களில் ஒரு கண்ணை இரு கை விரலால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக அறுந்தால் வெயிலில் நொந்த வலை. எந்த விலைக்கும் வேண்டாம். வேறொருவர் குட்டையிலோ ஏரியிலோ இழுத்த வலையானால், நன்றாக அலசி ஒரு முழு நாள் கடும் வெயிலில் காய வைத்த பிறகே நம் குட்டையில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் பேனும் நோயும் வலையோடு வந்துவிடும். அந்த ஒரு நாள் வெயில் நைலானுக்குக் கெடுதி செய்யாது. தினமும் வெயிலில் கிடப்பதுதான் கெடுதி.

சொந்தக் குட்டையில் பயன்படுத்திய பிறகு செதிலும் சேறும் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு கண் அறுந்ததுமே ஊசி எடுத்துத் தைத்துவிட்டால் அரை மணி வேலை. விட்டுவைத்தால் அடுத்த வீச்சில் அதே இடத்தில் ஒரு முழம் கிழியும். உரமூட்டைக்கும் பூச்சி மருந்துக்கும் பக்கத்தில் வலையை வைக்கக் கூடாது. நெல் குதிருக்கு அருகிலும் வேண்டாம், எலி வரும். கூரை உத்திரத்திலிருந்து ஒரு கம்பி கட்டி, கம்பியின் நடுவில் பழைய தகர மூடி ஒன்றைத் துளையிட்டுக் கோத்து, அதற்குக் கீழே வலையைத் தொங்கவிட்டால் எலியால் இறங்க முடியாது. தூண்டில் முட்களைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம்.